நான் கேட்காத மன்னிப்பு

ஜூன் 3

மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனைப் பட்டென்று வைத்தாய். முப்பத்தைந்து வருடம் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவள் நான். என் காதிலேயே லைனை வெட்டுகிறாய் என்றால் உனக்கு நெஞ்சழுத்தம்தான். அதனால் இனிமேல் கடிதம். இதைப் பாதியில் வெட்ட முடியாது. கிழிக்கலாம், கிழிப்பதற்கு முன் ஒரு வரியாவது கண்ணில் பட்டுவிடும். எனக்கு அது போதும்.

நீ வெட்டிய இடத்திலிருந்தே சொல்கிறேன். செவ்வாய்க்கிழமைதோறும் நூலகத்தில் பத்துப் பேர் கூடுகிறோம். எல்லோரும் குடும்பக் கதையை எழுதிவைக்க ஆசைப்படுகிறவர்கள். நடத்துகிறவள் அங்கே வேலை பார்க்கும் பெண், உன்னைவிடச் சின்னவள். முதல் வாரம் "நான் பிறந்தது ஒரு" என்று தொடங்கினேன். அதற்கு மேல் ஓடவில்லை. நான் பிறந்ததை நானா பார்த்தேன்? அடித்துவிட்டேன். அடுத்த தாளில் "எங்கள் குடும்பம் மிகவும் கௌரவமான குடும்பம்" என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வந்தது. மூன்றாவது தாளில் பெயரை மட்டும் எழுதிவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் வந்து எட்டிப் பார்த்தாள். "முதல்லேர்ந்து எழுதாதீங்கம்மா. யாரு என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காத நாள்னு ஒண்ணு உங்களுக்கு இருக்கும்ல? அதை எழுதுங்க. மத்ததெல்லாம் தானா பின்னாடி வரும்" என்றாள்.

எந்த நாள் என்று நான் யோசிக்கவே இல்லை. ஐஸ் பேக்டரியில் வாயு கசிந்த நாள்தான். உட்கார்ந்த இடத்திலேயே நாலு பக்கம் எழுதிவிட்டேன். அதை உனக்குப் படித்துக் காட்டத்தான் போன் செய்தேன். "ஐஸ் பேக்டரி" என்று வாயெடுத்ததுமே "அதெல்லாம் எதுக்கும்மா இப்போ" என்று வைத்துவிட்டாய்.

எதற்கா? எழுதத்தான்.

அம்மா

---

ஜூன் 11

அம்மாவுக்கு,

போனை வைத்தது தப்புத்தான். பிசியோதெரபிக்காரிக்கு ஞாயிறும் வேலை நாள். ஒரு கையில் உன் போன், இன்னொரு கையில் எழுபது வயதுக்காரர் ஒருவரின் முழங்கால். இரண்டில் ஒன்றை விட வேண்டியிருந்தது.

நீ எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுத எவ்வளவோ இருக்கும்போது அந்த நாளைப் போய்ப் பிடித்துக்கொள்வானேன் என்றுதான் கேட்கிறேன். பெரியப்பா மண்டபம் மாறிப்போய் வேறு யாரோ வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்த கதை இருக்கிறது. நீயும் அப்பாவும் முதலில் குடியிருந்த, குளியலறைக்குக் கதவே இல்லாத வீடு இருக்கிறது. அதையெல்லாம் எழுது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அப்பா போய் மூன்று வருடம்தான் ஆகிறது. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருந்த மனிதர். அவர் இல்லாத நேரத்தில் பழைய ஆபீஸ் சண்டையைக் கிளறுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

கோபித்துக்கொள்ளாதே.

மகள்

---

ஜூன் 17

மகளுக்கு,

உன் அப்பாவுக்கு அந்தக் கதையில் ஒரு குறையும் வராது. தொட்டால் சுடும் என்பதுபோல் ஏன் பதறுகிறாய்? நான் எழுதியதன் சுருக்கத்தைத் தருகிறேன், படித்துவிட்டுச் சொல்.

மதியம் இரண்டேகால் மணி. சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாடியில் என் இணைப்புப் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். கண் எரிந்தது. கழிவறையில் யாரோ மருந்து ஊற்றுகிறார்கள் என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் தெருவில் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். பின்தெரு ஐஸ் பேக்டரியில் குழாய் வெடித்து அம்மோனியா கசிகிறது என்று ஒரே சத்தம்.

கண்காணிப்பாளர், "எல்லாரும் எறங்குங்க, பூட்டணும்" என்று கத்தினார்.

"சார், காத்து ஸ்கூல் பக்கம் அடிக்குது. ஒரு பத்து போன் பண்ணிட்டு வரேன்."

"இது உத்தரவும்மா. எறங்கு!"

சொல்லிக்கொண்டே அவர் இறங்கிவிட்டார். கடைசி ஆளாக இறங்க வேண்டியவர், முதல் ஆளாக இறங்கினார். நான் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டேன். முதல் போன் உன் பள்ளிக்கூடத்துக்கு. நீ ஆறாம் வகுப்பு. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பின்கேட்டைத் தொறந்து பிள்ளைங்களை மேட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன். நானூறு பிள்ளைகள். அடுத்தது பிரசவ ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு, காற்று போன பக்கம் போன் இருந்த ஒவ்வொரு வீடும். ஐம்பது நிமிடம். தீயணைப்பு ஆட்கள் கதவை உடைத்து என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு வாரம் கண்ணைத் திறக்க முடியவில்லை.

திறந்தபோது பார்த்தது தற்காலிக வேலைநீக்க உத்தரவு, விசாரணை முடியும்வரை. கீழே இறங்குவதற்கு முன் தானே எல்லோருக்கும் தகவல் சொல்லிவிட்டதாகக் கண்காணிப்பாளர் அறிக்கை எழுதியிருந்தார். நான் போன் செய்தது உண்மையென்றால் அவர் எழுதியது பொய்யாகும். அதனால் என்னைப் பொய்யாக்கினார்கள். "உத்தரவை மீறினேன், நானாக யாருக்கும் போன் பண்ணலை, மன்னிச்சிடுங்கன்னு எழுதிக் கொடு, நாளைக்கே வேலைக்கு வா" என்றார்கள். கை ஒடிந்தாலும் எழுதமாட்டேன் என்றேன். நாலு மாதம் வீட்டில் இருந்தேன். ஐந்தாம் மாதம் வேலைக்கு வரச் சொல்லி உத்தரவு வந்தது. நான் ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை. அவர்கள்தான் இறங்கி வந்தார்கள்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஒரே சிக்கல் தேதி. பதினேழா பத்தொன்பதா என்று எனக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் தகராறு. தேதி தப்பினால் மொத்தமும் தப்பு என்பார்கள் என்று நூலகப் பெண் சொல்லியிருக்கிறாள். அதனால் என் பணிக்கோப்பின் நகல் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

அம்மா

---

ஜூன் 22

அம்மா,

பத்தொன்பதாம் தேதிதான். வியாழக்கிழமை. அன்றைக்கு எங்களுக்குக் கணக்குப் பரீட்சை பாதியில் நின்றது, அதனால் மறக்காது. தேதி கிடைத்துவிட்டதல்லவா, கோப்பு வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிடு. அடுத்த மாதம் லீவு போட்டு வருகிறேன். நேரில் ஒன்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் எதையும் பிரித்துப் பார்க்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

மகள்

---

ஜூலை 20

நீ வரவில்லை. கோப்பு வந்துவிட்டது.

நூற்றுப் பன்னிரண்டு பக்கம். லீவு லெட்டர், பதவி உயர்வு, நீ பிறந்தபோது எடுத்த விடுப்பு என்று ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தேன். நாற்பத்தோராம் பக்கத்தில் இது இருந்தது. அப்படியே எழுதுகிறேன்: "பதற்றத்தில் உத்தரவை மீறி உள்ளே தங்கிவிட்டேன். கண்காணிப்பாளர் அதற்கு முன்பே எல்லா இடங்களுக்கும் தகவல் கொடுத்துவிட்டார். நானாக யாரையும் அழைக்கவில்லை. என் தவற்றை மன்னித்து மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளப் பணிவுடன் வேண்டுகிறேன்."

எழுத்து உன் அப்பாவுடையது. கண்ணாடிக் கடை ரசீதுகளில் எத்தனையோ வருடம் பார்த்த எழுத்து. கீழே என் கையெழுத்து. நான் போடாத என் கையெழுத்து.

பணிவுடனாம்!

நான் ஜெயித்துவிட்டேன் என்று எத்தனை பேரிடம் மார்தட்டியிருக்கிறேன். ஓய்வு பெற்ற அன்று மைக்கைப் பிடித்துச் சொன்னேனே, "நான் குனியலை, அவங்கதான் குனிஞ்சாங்க" என்று. உன் அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். எல்லாம் தெரிந்துகொண்டு கைதட்டினார். கோப்பைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் அந்த ஹாலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களோ.

உயிரோடு இருந்திருந்தால் நிற்க வைத்துக் கேட்டிருப்பேன். தப்பித்துக்கொண்டார். நீ இருக்கிறாய். உனக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரே வார்த்தையில் எழுது. முழங்கால் கதையெல்லாம் வேண்டாம்.

---

ஜூலை 28

தெரியும்.

ஒரே வார்த்தை கேட்டாய். அதோடு நிறுத்தினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும் அம்மா. அந்தக் கையெழுத்தை அப்பா போடவில்லை. நான் போட்டேன்.

நீ கண் டாக்டரிடம் போயிருந்த ஒரு சாயங்காலம். அப்பா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கடை ரசீதுகளின் பின்பக்கமெல்லாம் உன் கையெழுத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சரியாக வரவில்லை. எதிரில் நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"உங்கம்மா கையெழுத்து உனக்கு அப்படியே வருமாமே?" என்றார்.

கணக்கில் முப்பத்தொன்று வாங்கிய ரிப்போர்ட் கார்டில் உன் கையெழுத்தை நானே போட்டுக் கொடுத்திருந்தேன். அடி விழப்போகிறது என்று நினைத்தேன்.

"பயப்படாத. இங்க ஒண்ணு போடு."

"என்ன லெட்டர்ப்பா இது?"

"அம்மாவைத் திரும்ப வேலைக்குச் சேத்துக்கறதுக்கு."

நான் படித்தேன். படிக்கத் தெரிந்த வயதுதானே. "அம்மா போன் பண்ணாங்களேப்பா. எங்க ஸ்கூலுக்குத்தானே பண்ணாங்க?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, "ஆமா. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போதாதா?" என்றார்.

போட்டேன். ஒரே தடவையில் அப்படியே வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது அம்மா. அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதைத்தான் இந்த வயதிலும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மகள்

---

ஆகஸ்டு 2

உன் கடிதம் கிடைத்தது. இப்போதைக்கு இவ்வளவுதான்.

---

ஆகஸ்டு 19

அம்மாவுக்கு,

பதினேழு நாள் ஆகிறது. பக்கத்து வீட்டு அத்தைக்குப் போன் செய்து விசாரித்தேன். "நல்லாத்தான் இருக்கா, செவ்வாய்க்கிழமை ஆனா பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடறா" என்றார். அப்படியென்றால் என்னோடு மட்டும்தான் பேச்சு இல்லை. சரி. நானும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாலு மாதம் உன் நினைவில் எப்படி இருக்கிறதோ தெரியாது. நீ நிமிர்ந்து நின்றதாக எழுதியிருக்கிறாய். நீ நிற்கவே இல்லை அம்மா. குளிக்காமல் உட்கார்ந்திருந்தாய். பாத்திரம் தேய்க்கும்போது குழாயைப் பார்த்து "நம்பர் ப்ளீஸ்" என்றாய். முதல் தடவை நான் சிரித்தேன். இரண்டாவது தடவை அப்பாவைக் கூப்பிட்டேன். பள்ளியிலிருந்து வந்து கதவைத் தட்டினால் யார் நீ என்பதுபோல் பார்ப்பாய். அப்பா கடைக்குப் போகும்போது கத்தியையும் அரிவாள்மணையையும் மேல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். இது உனக்குத் தெரியுமா?

அவர் உன் பெயரில் குனிந்தது தப்பு. மறுக்கவில்லை. ஆனால் உன்னைத் திரும்ப அந்த நாற்காலியில் உட்கார வைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அதையும் எழுது. அதை விட்டுவிட்டு எழுதினால் நீயும் அந்தக் கண்காணிப்பாளர் மாதிரிதான் அறிக்கை எழுதுகிறாய்.

என் பெயரை மட்டும் போடாதே. நோயாளியின் பதிவேட்டில் இன்னொருவர் கையெழுத்தைப் போட்டால் வேலை போய்விடும் என்று வருடாவருடம் பிசியோதெரபி கல்லூரியில் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான்.

மகள்

---

செப்டம்பர் 1

மகளுக்கு,

கண்காணிப்பாளர் மாதிரி என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டேன். அப்புறம் நானே போய் எடுத்து நீவிப் படித்தேன்.

குழாயிடம் நம்பர் கேட்டது எனக்கு நினைவே இல்லை. அரிவாள்மணை விஷயமும் தெரியாது. இரண்டையும் எழுதிவிட்டேன். "என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்" என்று போட்டு எழுதியிருக்கிறேன். நான் உடைந்துதான் போயிருந்தேன் போலிருக்கிறது. இருக்கட்டும். அதற்காக என் வாயை வாடகைக்கு எடுத்துப் பேசலாமா? "எழுதட்டுமா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கூடாது என்றிருப்பேன். அது தெரிந்துதான் அவர் கேட்கவில்லை.

அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை படித்துப் பார். அதன்படி உன் பள்ளிக்கூடத்துக்கு யாரும் போன் செய்யவே இல்லை. என் போனால் வெளியே வந்த பிள்ளையின் கையில் பேனாவைக் கொடுத்து அதில் கையெழுத்துப் போட வைத்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. உன்மேல் கோபமில்லை என்று மழுப்பமாட்டேன். பதினொரு வயதுக்காரிமேல் இல்லை. அவளை மடியில் போட்டுக்கொள்வேன். நாற்பத்துநாலு வயதுக்காரிமேல் இருக்கிறது. நான் மார்தட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாளே, அவள்மேல்.

போன செவ்வாய்க்கிழமை நூலகத்தில் முழுவதையும் படித்தேன். நாற்பத்தோராம் பக்கத்தையும் சேர்த்துத்தான். படித்து முடித்ததும் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குடும்ப விஷயத்தை இப்படி வெளியில சொல்லலாமாம்மா?" என்றார்.

"குடும்பத்துக்குள்ளயே வெச்சிருந்ததாலதான் எனக்குத் தெரியவே முப்பத்துமூணு வருஷம் ஆச்சு" என்றேன்.

வீட்டுக்கு வந்து தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். "கோப்பின் நாற்பத்தோராம் பக்கத்தில் உள்ள கடிதம் நான் எழுதியதல்ல. கையெழுத்தும் என்னுடையதல்ல. அன்று ஐம்பது நிமிடம் நானே போன் செய்தேன். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. அந்தத் தாளை எடுத்துவிடவும்." பக்கத்து வீட்டுக்காரி, "வயசான காலத்துல உனக்கு எதுக்கு ஆபீஸோட வம்பு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வயதான காலத்தில்தானே இதற்கெல்லாம் நேரம் கிடைக்கிறது.

யார் போட்டது என்று நான் சொல்லவில்லை. என் கதையிலும் அந்த இடத்தில் அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். உன் பெயரை நான் எழுதமாட்டேன். நிரப்புவதும் நிரப்பாததும் உன் பாடு.

அம்மா

---

செப்டம்பர் 14

அம்மாவுக்கு,

இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஐந்து நாள் உட்கார்ந்து எழுதியது. முதல் வரியில் "அறியாத வயதில்" என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அறிந்துதானே போட்டேன். "சூழ்நிலை காரணமாக" என்று எழுதினேன். அது ஆபீஸ் பாஷை, அதையும் அடித்துவிட்டேன். எழுதத் தொடங்குவது இவ்வளவு கஷ்டம் என்று, அதை எழுது இதை எழுது என்று உனக்குச் சொன்னபோது எனக்குத் தெரியவில்லை.

ஒரு தாள் தலைமை அலுவலகத்துக்கு. அசலை நேற்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன், இது உனக்கு நகல். "கோப்பின் நாற்பத்தோராம் பக்கத்தில் உள்ள கையெழுத்து என்னுடையது. அப்போது எனக்கு வயது பதினொன்று. என் தாய்க்கு அது தெரியாது. பத்தொன்பதாம் தேதி மதியம் எங்கள் பள்ளிக்கு வந்த போனைத் தலைமையாசிரியை எடுத்தார். 'போர்டுலேர்ந்து ஒரு அம்மா பேசறாங்க, பின்கேட்டைத் தொற' என்று அவர் கத்தியதை என் காதால் கேட்டேன். அந்த அம்மா என் தாய்." கீழே என் முழுப் பெயர், பதவி, முகவரி எல்லாம் போட்டிருக்கிறேன்.

துறைத் தலைவரிடம் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்த்தேன். "உங்களுக்கு என்ன பைத்தியமா? யாரு கேட்டாங்க இதை?" என்றார். "யாரும் கேட்கலை சார். அதான் நானே சொல்றேன்" என்றேன். அடுத்த வாரம் மாணவர்களுக்கு அந்தப் பாடம் எடுக்கும்போது இதையும் சொல்லப்போகிறேன். வேலையை விட்டுத் தூக்கினால் தூக்கட்டும். நாலு மாதம் வீட்டில் உட்காருவது எப்படி என்று உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது தாள் நீ விட்ட அரைப் பக்கத்துக்கு. அதில் ஒரு வரி உனக்குப் பிடிக்காது. "என் அப்பா நல்லவர்" என்று எழுதியிருக்கிறேன். அதை நீ அடிக்கக்கூடாது. உன் கதையாக இருக்கலாம். அந்த அரைப் பக்கம் என்னுடையது.

மகள்

---

நவம்பர் 23

மகளுக்கு,

தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. கோப்பில் ஒருமுறை சேர்ந்த தாளை எடுக்க விதியில் இடமில்லையாம். நம் இரண்டு கடிதங்களையும் கோப்பில் சேர்த்துக்கொண்டார்களாம். இவர்கள் சொன்னால் நம்பிவிடுவேனா? பஸ் பிடித்து நேரிலேயே போனேன்.

கோப்பறையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். கோப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துப் பிரித்தாள். முதல் பக்கமே உன் கடிதம்.

"இது ஏம்மா முதல்ல இருக்கு?" என்றேன்.

"புதுசா வர்றது மேலதாம்மா இருக்கும். பழசைப் பாக்கணும்னா இதைத் தாண்டித்தான் போகணும்."

தாண்டிப் போகட்டும். அந்த நாற்பத்தோராம் பக்கத்தைத் தேடி இனி எவன் வந்தாலும் உன்னையும் என்னையும் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்தப் பெண் நின்ற இடத்திலேயே இரண்டையும் படித்துவிட்டாள். "நிஜமாவே அம்பது நிமிஷம் உள்ளயே இருந்தீங்களா?" என்றாள். "இருந்தேன்" என்றேன். முன்னேயெல்லாம் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்துவேன். அன்றைக்கு அவ்வளவு சத்தம் தேவைப்படவில்லை.

உன் அரைப் பக்கத்தை ஒட்டிவிட்டேன். "என் அப்பா நல்லவர்" என்பதை அடிக்கவில்லை. அதன் கீழே "என்னிடம் கேட்டிருக்க வேண்டும்" என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அதை நீ அடிக்கக்கூடாது.

இந்தக் கதை முடிந்தது. நேற்று உன் அப்பாவைப் பற்றித் தனியாக எழுத உட்கார்ந்தேன். இந்தத் தடவை மின்விசிறியைப் பார்க்க நேரமே இல்லை, முதல் வரி தானாக வந்தது. அதை உனக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வராதே: "என் கணவர் என்னைக் கேட்காமலே என்னைக் காப்பாற்றினார், அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை."

அதற்குக் கீழே பன்னிரண்டு பக்கம் ஓடிவிட்டது. மன்னிப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, என்னை அதன் வழியாகப் பார்ப்பாரே, அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா